சாயம் புகா இடம்

'கூடாது' என்னும் சொல்லை விரும்பிக் கேட்பவர் அரியர். சிறுவர் முதல் முதியவர் வரை எவராயினும், அச்சொல் செவியில் விழுந்ததும் முகம் சற்றே வாடுகிறது. தமக்குரிய ஒன்று பறிக்கப்பட்டதாக உள்ளம் உணர்கிறது. தடை என்பது ஓர் இல்லாமை. இல்லாமையிலிருந்து எதுவும் பிறவாது. ஆகவே தடை மனிதனைக் குறைக்குமேயன்றி வளர்க்காது என்பது இக்காலத்தவர் பலரின் வாதம். மறுபுறத்தில், தடை என்றாலே நன்மை, தடுக்கத் தடுக்கப் பிள்ளை சீர்படுவான் என்று நம்பியிருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நம்மிடையே குறைவில்லை. இவ்விரு சாராரும் ஒரே வீட்டில், ஒரே உணவு விரிப்பைச் சுற்றி அமர்ந்திருப்பதையும் நாம் காண்கிறோம். தந்தை ஒரு சாரார். மகன் மறு சாரார்.

இவர்களுள் யார் சொல்வது சரி? தடை மனிதனைக் குறைக்கிறதா, உருவாக்குகிறதா? நூலறிவு கொண்டு மட்டும் இதற்கு விடை தேடினால் சொற்போரிலேயே காலம் கழிந்துவிடும். ஆதலால் இம்முறை ஒரு கைத்தொழிலின் துணையை நாடுவோம். சாயத்தை ஏற்றுவதோடு அமையாமல், சாயத்தைத் தடுத்தும் சித்திரம் படைக்கும் தொழில் அது.

தடுத்து வரையும் கலை

மதுரைச் சுங்குடிச் சேலையை நம் வீடுகளில் அறியாதார் இலர். அதில் விண்மீன்களைப் போல் சிதறிக் கிடக்கும் வெண்புள்ளிகளை எவரும் தூரிகை கொண்டு வரைந்ததில்லை. வெள்ளைத் துணியைச் சிட்டிகையளவு கிள்ளியெடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டு, பின்னர் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சுக்குள் சாயம் புகாது. துணி உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால், சாயம் புகா இடம் புள்ளியாய் மலரும். மதுரையில் வாழும் சௌராட்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்த இவ்வேலைப்பாட்டுக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதே நுட்பம் மிக விரிந்து செழித்திருக்கும் இடம் குஜராத்தின் கச்சுப் பகுதி. அங்கே முஸ்லிம்களான கத்ரி குடும்பத்தார் 'அஜ்ரக்' என்னும் துணியை அச்சிட்டு வருகின்றனர். சிந்துப் பகுதியிலிருந்து அவர்களின் முன்னோர் பதினாறாம் நூற்றாண்டில் கச்சுக்கு வந்து குடியேறியதாக அவர்களின் வரலாறு கூறுகிறது. அறபியில் நீலத்தைக் குறிக்கும் 'அஸ்ரக்' என்னும் சொல்லே அஜ்ரக் எனத் திரிந்தது என்பாருளர். 'ஆஜ் ரக்', அதாவது 'இன்று இப்படியே வைத்திரு' என்பதே பெயரின் பொருள் என்று தொழிலாளர் தமக்குள் கூறிக்கொள்வதும் உண்டு. இப்பெயர் விளக்கம் மொழிநூலார்க்கு உகந்ததோ இல்லையோ, தொழிலின் இயல்பை அது சரியாகச் சொல்லிவிடுகிறது. ஏனெனில், ஒரு துணி முற்றுப்பெற 14 முதல் 16 படிகள் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே காத்திருக்க வேண்டும்.

அப்படிகளுள் சிலவற்றை மட்டும் பார்ப்போம். முதலில் துணியை ஒட்டகச் சாணம், சோடா உப்பு, ஆமணக்கெண்ணெய் ஆகியவை கலந்த நீரில் ஊறவைத்து, உலர்த்தி, மீண்டும் ஊறவைத்துப் பக்குவம் செய்கின்றனர். அடுத்துக் கடுக்காய் நீரில் தோய்க்கின்றனர். பின்னர் சுண்ணாம்பையும் கருவேலம் பிசினையும் குழைத்த பசையை, செதுக்கிய மரக்கட்டைகளில் தொட்டு, வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளில் எல்லாம் ஒற்றுகின்றனர். இஃது முதல் தடை. பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவிட்டு, புளியங்கொட்டை மாவைச் சேர்த்துக் காய்ச்சிய குழம்பால் கறுப்பு அச்சிடுகின்றனர். அதன்பின் களிமண், படிகாரம், பிசின் ஆகியவற்றால் ஆன மற்றொரு பசையைச் சிவப்பாக வேண்டிய இடங்களில் ஒற்றி, அது கலையாதிருக்க மரத்தூளைத் தூவுகின்றனர். இஃது இரண்டாம் தடை. இத்தனைக்கும் பிறகே துணி அவுரித் தொட்டிக்குள் இறங்குகிறது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாய்த் தோன்றும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. பின்னர் ஓடும் நீரில் அலசி, மஞ்சிட்டி வேரின் சாயத்தில் கொதிக்க வைத்தால் சிவப்பு எழுகிறது.

இத்தொழிலின் தொன்மைக்கு மிஸ்ர் நாட்டின் மண் சான்று வைத்திருக்கிறது. ஹஜ்ரத் அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கி.பி. 641ஆம் ஆண்டளவில் நிறுவிய ஃபுஸ்தாத் நகரின் இடிபாடுகளில், குஜராத்திலிருந்து கப்பலேறிச் சென்ற பருத்தித் துணிகளின் கிழிசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் பல இவ்வாறு பசையிட்டுச் சாயம் தடுத்த துணிகள். ஆக்ஸ்போர்டிலுள்ள அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் இத்தகைய இந்தியத் துணித் துண்டுகள் 1,200க்கு மேல் பாதுகாக்கப்படுகின்றன. உடுத்தியவர் யார், நெய்தவர் யார் என்பதெல்லாம் மறைந்துவிட்டது. சாயம் எங்கே தடுக்கப்பட்டதோ அந்த வெண்கோடு மட்டும் இன்றும் தெரிகிறது.

எல்லையே இலக்கணம்

இனி நம் வினாவுக்கு வருவோம். தடை ஓர் இல்லாமை என்று சொன்னார்கள் அல்லவா? அஜ்ரக் துணியில் வெள்ளைக் கோடு என்பது சாயத்தின் இல்லாமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இல்லாமையை நீக்கிவிட்டால் பூ எங்கே? கொடி எங்கே? விண்மீன் எங்கே? நீலம் இருக்கும், அந்நீலத்துக்கு உருவம் இராது. உருவம் என்பது ஒரு பொருள் எங்கே முடிகிறது என்பதன் பெயர். முடிவில்லாத இடத்தில் உருவமும் இல்லை.

மத்ரஸாக்களில் மன்திக் என்னும் தருக்க நூலைப் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரு பொருளின் இலக்கண வரையறைக்கு அறபியில் 'ஹத்து' என்பர். எல்லை என்பதே அச்சொல்லின் முதற்பொருள். நல்ல ஹத்துக்கு இரண்டு குணங்கள் வேண்டும் என்று ஆசிரியர் கூறுவர். ஒன்று, அது 'ஜாமிஉ' ஆக இருக்க வேண்டும். தனக்குரியவை அனைத்தையும் உள்ளடக்க வேண்டும். மற்றொன்று, அது 'மானிஉ' ஆக இருக்க வேண்டும். தனக்குரியதல்லாததை உள்ளே வராமல் தடுக்க வேண்டும். தடுக்கும் ஆற்றல் இல்லாத வரையறை எதனையும் வரையறுக்காது. மனிதன் என்றால் என்ன என்று கேட்டவனுக்கு 'உயிருள்ளது' என்று மட்டும் விடை சொன்னால், ஆடும் மாடும் அதற்குள் புகுந்துவிடும். அவற்றைத் தடுக்கும் சொல் வந்தபோதே மனிதன் என்னும் கருத்து உருப்பெறுகிறது.

சொல்லுக்கு உள்ள இந்த விதி வாழ்வுக்கும் பொருந்துகிறது. நோன்புக்கு அறபியில் வழங்கும் 'ஸவ்ம்' என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் 'தடுத்துக்கொள்ளுதல்' என்பதே. செய்யாதிருத்தலே அங்கே செயலாகிறது. ரமளானின் பகலுக்கு மற்றப் பகல்களிலிருந்து வேறுபட்ட ஒரு முகம் இருக்கிறதென்றால், உண்ணாத அந்த வேளைகளே அம்முகத்தை வரைந்தன. வாக்குறுதி அளித்தவர் அதற்கு மாறானதைச் செய்யாதிருக்கிறார். நண்பர் மறைபொருளை வெளியிடாதிருக்கிறார். வணிகர் எடையைக் குறைக்காதிருக்கிறார். இவர்கள் செய்யாதவற்றை எடுத்துவிட்டால், வாய்மை, நட்பு, நேர்மை என்னும் பெயர்களுக்கு எஞ்சுவது யாது?

இரு கோடிகள்

ஆயின், முதற்சாரார் எளிதில் விடமாட்டார்கள். "தடையில்லாமல் விட்டால் துணி தன் விருப்பம்போல் பல வண்ணங்களை ஏற்றிருக்குமே" என்பார்கள். சாயத் தொழில் இதனைப் பொய்ப்பிக்கிறது. பசை ஏதும் இடாத வெள்ளைத் துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்தினால் அது முழுவதும் நீலமாகிவிடும். அதன்பின் அதனைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்தாலும் தெளிந்த சிவப்பு எழாது. இருண்ட வேறொரு நிறமே எஞ்சும். முதலில் வந்த வலிய சாயம் மற்றவற்றுக்கு இடமே வைக்கவில்லை. தடையின்றி விடப்பட்ட மனமும் இவ்வாறே. அதில் ஆயிரம் ஆசைகளும் சமமாகச் செழிக்கும் என்று எண்ணுவது தவறு. அவற்றுள் எது வலியதோ அது மற்றவற்றை விழுங்கிவிடும். நள்ளிரவு கடந்தும் கைப்பேசியின் ஒளியில் முகம் புதைத்திருக்கும் இளைஞனைப் பாருங்கள். அவனுக்குப் பந்து விளையாட ஆசை உண்டு. நூல் படிக்க ஆசை உண்டு. தாயோடு பேசியிருக்க ஆசை உண்டு. எதனையும் அவனுக்கு எவரும் தடுக்கவில்லை. எனினும் ஒன்றே ஒன்று அத்தனை ஆசைகளுக்கும் உரிய இடத்தை எடுத்துக்கொண்டது. இதனைச் சுதந்தரம் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

இனி மறுகோடிக்குச் செல்வோம். தடையால்தான் சித்திரம் பிறக்கிறதென்றால், துணி முழுவதும் பசையைப் பூசிவிட்டால் என்ன? அத்தகைய துணியை எத்தனை முறை தொட்டியில் இறக்கினும் அது வெள்ளையாகவே வெளிவரும். அவ்வெண்மையைக் கண்டு மகிழ்வோர் இருக்கலாம். ஆயினும் அதற்காகச் செலவிட்ட பசையும் உழைப்பும் வீண் என்பதைச் சாயக்காரர் அறிவார். நெசவாளியிடமிருந்து வந்தபோதே அது வெள்ளையாகத்தானே இருந்தது!

நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் ஒருநாள் பாடத்தின் நடுவே, "ஹஜ்ரத், நம் மார்க்கத்தில் இத்தனை 'கூடாது'கள் ஏன்?" என்று கேட்டார். "அவற்றை எண்ணிப் பார்த்தீரா?" என்று கேட்டோம். எண்ணியதில்லை என்றார். "எண்ண முடியாதது எது தெரியுமா? ஆகும் என்று விடப்பட்டவைதாம். தடுக்கப்பட்டவற்றை நூலில் பட்டியலிடலாம், ஆகுமானவற்றைப் பட்டியலிட எந்த நூலும் போதாது" என்றோம். பொருள்களின் மூலநிலை அனுமதியே என்பது ஃபிக்ஹு நூலார் பெரிதும் ஏற்ற விதி. துணி பரந்தது, பசை இடும் கோடு மெல்லியது. அவ்விகிதத்தை மறந்து, மார்க்கம் விரித்துவைத்த பரப்பையெல்லாம் நம் அச்சத்தால் மூடிவிட்டு, அதற்கு மார்க்கத்தின் பெயரையும் சூட்டினோமாயின், பிள்ளைகள் வெறுப்பது நம் அச்சத்தை மட்டுமன்று. அதன்மேல் நாம் ஒட்டிய பெயரையும் சேர்த்தே வெறுப்பர்.

நீலத்தைத் தடுத்துச் சிவப்பைத் தருவது

அஜ்ரக் தொழிலில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது அந்த இரண்டாம் தடைதான். முதற்பசையில் சுண்ணாம்பும் பிசினும் மட்டுமே இருந்தன. அது சாயத்தைத் தடுத்து வெண்மையைக் காத்தது. அதனோடு அதன் பணி முடிந்தது. இரண்டாம் பசையிலோ படிகாரம் கலந்திருக்கிறது. இப்படிகாரத்தின் வேலை யாது? மஞ்சிட்டிச் சாயம் பருத்தி நூலைத் தானாகப் பற்றிக்கொள்ளாது. வெறும் துணியில் ஏற்றினால் கழுவக் கழுவப் போய்விடும். படிகாரம் நூலிழையையும் பற்றிச் சாயத்தையும் பற்றி இரண்டையும் பிணைக்கிறது. ஆகவே களிமண் நீலத்தை உள்ளே விடாமல் நிறுத்த, அதே வேளையில் படிகாரம் துணிக்குள் இறங்கி, பின்னால் வரப்போகும் சிவப்புக்கு இடம் பக்குவம் செய்துகொண்டிருக்கிறது. ஒரே பசை ஒன்றை மறுக்கிறது. மறுக்கும்போதே மற்றொன்றுக்குத் தகுதியாக்குகிறது.

நாம் பிள்ளைகளுக்கு விதிக்கும் தடைகளில் இப்படிகாரம் இருக்கிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண்ணிடம், "காலம் கெட்டுக் கிடக்கிறது, கல்லூரிக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிவிடும் வாப்பாவை நாம் அறிவோம். வளைகுடாவில் வெயிலில் உழைக்கும் அவருடைய அச்சத்தை நாம் எள்ளவும் இகழவில்லை. மகளைத் தொலைவிலிருந்து காக்க அவருக்குத் தெரிந்த ஒரே கருவி அச்சொல்தான். ஆனால் அவர் நீலத்தைத் தடுத்தார். சிவப்புக்கு என்ன வழி செய்தார்? நம்பத்தக்க பெண்கள் கல்லூரி ஒன்றைத் தேடினாரா? வீட்டிலிருந்தே பட்டம் பெறும் அஞ்சல்வழிக் கல்வியைப் பற்றி விசாரித்தாரா? உம்மாவோடும் மாமாவோடும் கலந்து, மகளையும் அமர வைத்துப் பேசினாரா? ஒன்றும் செய்யாமல் தடுத்தது மட்டுமே என்றால், அப்பெண்ணின் உள்ளத்தில் அவர் காத்தது ஒரு வெற்றிடம். வெற்றிடத்தைக் காப்பது பெரும்பாடு. என்றேனும் ஒரு நாள், எந்தச் சாயம் முதலில் வருகிறதோ அது அங்கே ஏறிவிடும்.

இக்கருத்து புதிதன்று. தீமைக்கு இட்டுச் செல்லும் வழியை முன்கூட்டியே அடைப்பதை ஸத்துத் தராயிஃ என்று உஸூலுல் ஃபிக்ஹில் கூறுவர். நம் சொற்பொழிவாளர்கள் இதனை அடிக்கடி எடுத்தாள்கின்றனர். ஆனால், வழி அடைக்கப்பட வேண்டியதாய் இருப்பது போலவே திறக்கப்பட வேண்டியதாகவும் இருக்கும் என்று மாலிகீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஷிஹாபுத்தீன் அல்கராஃபீ (ரஹ்) அவர்கள் வற்புறுத்தியதை அத்துணை அடிக்கடி நாம் கேட்பதில்லை. ஹிஜ்ரி 684இல் மறைந்த அவ்விமாமின் பெயர், நாம் முன்னர்க் குறிப்பிட்ட ஃபுஸ்தாத் நகரை அடுத்த கராஃபா என்னும் பகுதியால் வந்தது. இந்தியாவின் தடுப்புச் சாயத் துணிகள் விற்பனைக்கு வந்த அங்காடிகளின் அருகே வாழ்ந்த ஒருவர், தடுப்பதும் திறப்பதும் ஒரே அறிவின் இரு கைகள் என்று கண்டிருக்கிறார். நாம் ஒரு கையை மட்டும் பழக்கி வருகிறோம்.

மெழுகின் குணமும் மன்னரின் தடையும்

தடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மலேயா சென்று மீண்ட நம் முன்னோர் ஆசையாய்க் கொண்டுவந்த பாத்திக் கைலிகளைப் பலரும் கண்டிருப்பீர்கள். அக்கலை உச்சம் தொட்ட இடம் ஜாவாத் தீவு. அங்கே பசைக்கு மாற்றாக உருக்கிய மெழுகைப் பயன்படுத்துகின்றனர். 'சாந்திங்' என்னும் சிறு செம்புக் குழலில் மெழுகை ஊற்றி, எழுதுகோலால் எழுதுவது போல் துணியில் கோடு இழுப்பார்கள். மெழுகிலும் வகையுண்டு. தேன்மெழுகு துணியோடு வளைந்து கொடுக்கும். துணியை மடக்கினாலும் கசக்கினாலும் எளிதில் பிளவாது. கற்பூரம்போல் வெளுத்திருக்கும் பாரஃபின் மெழுகோ இறுகியது. சற்று மடங்கினாலும் வெடித்துவிடும். வெடிப்பின் வழியே சாயம் புகுந்து சிலந்திவலை போல் கோடு கோடாய்ப் படியும். அவ்வெடிப்பையே அழகென்று விரும்புவோர் பிற நாடுகளில் உண்டு. ஜாவாவின் தேர்ந்த கலைஞர் அதனைத் தம் கைக்குற்றமாகவே கருதுவர். ஆகையால் இரண்டையும் பிசினோடு அளவாகக் கலந்து, இறுக்கமும் இளக்கமும் சேர்ந்த மெழுகை ஆக்கிக்கொள்கின்றனர். அடித்து விதிக்கும் தடை, காரணம் கூறாத தடை, கேள்வி கேட்டாலே சினக்கும் தடை ஆகியவை பார்வைக்கு மிக உறுதியானவை. பிள்ளை வெளியூர்க் கல்லூரியின் விடுதிக்குச் சென்று முதல்முறை வாழ்க்கை மடங்கும்போது அவை எங்கெங்கே வெடித்திருந்தன என்பது தெரியவரும்.

அதே ஜாவாவில் மற்றொரு வகைத் தடையும் இருந்தது. யோக்யகார்த்தா, சுரகார்த்தா ஆகிய அரசவைகள் 'பாராங் ரூசாக்' போன்ற சில சித்திரங்களை அரச குடும்பத்தாருக்கென ஒதுக்கி, குடிமக்கள் அவற்றை உடுத்தலாகாது என்று விதித்தன. அச்சித்திரங்களுக்கு 'லாரங்கன்' என்று பெயர். தடுக்கப்பட்டவை என்பது அதன் பொருள். மலாய் அறிந்தோருக்கு இச்சொல் புதிதாய் இராது. இப்போது இவ்விரு தடைகளையும் அருகருகே வைத்து நோக்குங்கள். மெழுகு சாயத்தைத் தடுத்தது துணியின் நலத்துக்காக. மன்னர் குடிமக்களைத் தடுத்தது தம் மதிப்பின் நலத்துக்காக. இரண்டும் ஒரே துணியின் மேல் நிகழ்ந்தன. இரண்டுக்கும் பெயர் தடை. தடுப்பவர் எவருடைய நலத்துக்காகத் தடுக்கிறார் என்று கேளாமல், தடை நல்லதா தீயதா என்று விவாதிப்பது பயனற்றது.

நம் வீடுகளிலும் இவ்விரு வகையும் உண்டு. மகன் தன்னைவிட எளிய குடும்பத்தில் பெண் எடுக்கக்கூடாது என்பது யாருக்காக இடப்பட்ட தடை? விதவையான தங்கை மறுமணம் செய்துகொள்ளலாகாது என்று மார்க்கம் எங்கே தடுத்தது? ஊராரின் நாக்குக்கு அஞ்சி இட்ட தடைகளை ஹலால் ஹராம் என்னும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். மன்னருக்காவது அது தம் ஆணை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை இருந்தது.

கழுவும் நாள்

பசையும் மெழுகும் துணியிலேயே நிலைத்திருக்க வந்தவையல்ல. அவற்றை இட்டவர் இடும்போதே, ஒரு நாள் கழுவப்போகிறோம் என்று அறிந்தே இடுகிறார். ஜாவாவில் கொதிநீரில் இட்டு மெழுகை உருக்கி எடுப்பர். கச்சில் ஓடும் நீரில் அடித்து அலசுவர். பசை போனபின் நிற்கும் வெள்ளைக் கோட்டில் பசையின் அடையாளமே இராது. பசை இட்டவரின் பெயரும் அங்கே எழுதப்பட்டிராது. தம் பசை நீங்கலாகாது என்று ஒரு சாயக்காரர் பிடிவாதம் செய்தால் அத்துணியை எவரும் உடுத்த இயலாது. மொடமொடவென்று களிமண் அப்பிய அது, முற்றத்துக் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். முப்பது வயது கடந்த மகன், தன் கடைக்கு வாங்க வேண்டிய சரக்கைக்கூட வாப்பாவைக் கேளாமல் வாங்க இயலாதிருக்கும் வீடுகள் உண்டு. பெற்றோரின் பசை அங்கே இன்னும் கழுவப்படவில்லை.

கழுவுவதற்கு நல்ல நீர் வேண்டும் என்பதும் மறக்கத்தக்கதன்று. தாமட்கா என்னும் சிற்றூர் சாரன் ஆற்றின் கரையில் அஜ்ரக் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஆறு வற்றிப்போயிற்று. கிணற்று நீரால் தொழில் தொடர்ந்தது. 2001 ஜனவரி 26 அன்று கச்சை உலுக்கிய பெருநிலநடுக்கத்துக்குப்பின் அந்நிலத்தடி நீரில் இரும்பின் அளவு மிகுந்துவிட்டது. இரும்பு கலந்த நீரில் மஞ்சிட்டியின் சிவப்பு மங்கிக் கறுக்கும். பசை சரியாக இருந்தது. கை சரியாக இருந்தது. சாயமும் சரியாகவே இருந்தது. நீர் கெட்டபின் இவற்றால் என்ன செய்ய முடியும்? ஆகவே பல குடும்பங்கள் ஒன்றுகூடிப் பூஜ் நகருக்கு அருகே புதிய ஊர் ஒன்றைத் தோற்றுவித்து, அதற்கு அஜ்ரக்பூர் என்று பெயரிட்டன. நீர் கெட்டதற்காக அவர்கள் துணியைக் குறை கூறவில்லை. நாமோ, தெருவும் பள்ளியும் திரையும் பிள்ளையின் மேல் ஊற்றும் நீர் எத்தகையது என்று பாராமல், வீட்டில் எத்தனை கண்டிப்பாக வளர்த்தும் பயனில்லையே என்று பிள்ளையை நொந்துகொள்கிறோம். நூலகமும் விளையாட்டுத் திடலும் நல்ல தோழமையும் உள்ள ஒரு மஹல்லாவை உண்டாக்குவது தனி ஒரு குடும்பத்தால் ஆகாது. அஜ்ரக்பூரைப் போல், அது பல குடும்பங்கள் கூடிச் செய்ய வேண்டிய வேலை.

துணியும் மனிதனும்

இதுவரை கூறியதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். அது வலிய மறுப்பும் ஆகும். துணிக்கு விருப்பம் இல்லை. தன்மேல் எது ஒற்றப்படுகிறது என்று அது அறியாது. மனிதனோ அறிவான், மறுப்பான், தடையைப் பிய்த்தெறியவும் வல்லவன். அவனைத் துணிக்கு ஒப்பிடுவது எப்படித் தகும்?

உவமை முற்றும் பொருந்தாது என்பது உண்மையே. பொருந்தாத அவ்விடத்தில்தான் மனிதனின் சிறப்பும் இருக்கிறது. அறிவுக்கு அறபியில் வழங்கும் 'அக்ல்' என்னும் சொல்லும், ஒட்டகத்தின் முழங்காலைக் கட்டும் கயிற்றைக் குறிக்கும் 'இகால்' என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்று அகராதி வல்லுநர் காட்டுவர். கட்டப்பட்ட ஒட்டகத்துக்குக் கயிறு வெளியிலிருந்து வருகிறது. கட்டியவர் வேறு, கட்டுண்டது வேறு. மனிதனின் கயிறோ அவனுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. சிறுவயதில் பெற்றோரும் ஆசிரியரும் அவன்மேல் பசை ஒற்றுகிறார்கள். அவர்கள் ஒற்றுவதை அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். எங்கே ஒற்றினார்கள், ஏன் ஒற்றினார்கள், எதனைக் காத்தார்கள் என்பதை அவனுக்கு விளங்க வைத்திருந்தால், அவர்கள் இட்டதைக் கழுவியபின் அச்சுக்கட்டையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். அப்போது அவனே துணி, அவனே சாயக்காரன். விளங்க வைக்காமல் ஒற்றியிருந்தால், கழுவிய மறுநாளே முதலில் கண்ட தொட்டிக்குள் குதித்துவிடுகிறான். தடை விதிக்கும் ஒவ்வொருவரும் அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருப்பது இதனால்தான்.

அருள்மறையின் இரண்டாம் அத்தியாயம், சாயம் தோய்த்தலைக் குறிக்கும் 'ஸிப்கத்' என்னும் சொல்லை இறைவனோடு இணைத்து ஆள்கிறது. விரிவுரையாளர் பலர் அங்கே அதற்கு மார்க்கம் என்று பொருள் கூறுவர். மார்க்கத்தை வேலி என்று மட்டும் எண்ணிப் பழகிய நமக்கு, அது முதலில் ஒரு வண்ணம் என்பதை அச்சொல் நினைவூட்டுகிறது. வண்ணத்தைத் தருவதற்காகவே தடைகள் வந்தன. தடைகளுக்காக வண்ணம் வரவில்லை. இந்த வரிசை மாறிய வீட்டில் பிள்ளைகளுக்குத் தடைகள் மனப்பாடமாய்த் தெரிகின்றன. அவை எந்தச் சித்திரத்துக்காக இடப்பட்டன என்று கேட்டால் அவர்களுக்கும் தெரிவதில்லை. அவர்களின் பெற்றோருக்கும் தெரிவதில்லை.

ஆகவே, அடுத்த முறை நம் பிள்ளையிடம் 'கூடாது' என்று சொல்ல நாவு எழும்போது சிறிது நிதானிப்போம். எதனைக் காக்க இதனைத் தடுக்கிறோம் என்பது நமக்கே தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்போம். தடுத்த இடத்தில் வேறு எந்த நன்மைக்குப் பக்குவம் செய்திருக்கிறோம் என்று எண்ணுவோம். இது பிள்ளையின் நலமா, நம் பெருமையா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். இவற்றுக்கு விடை கிடைத்தால் தயங்காமல் தடுப்போம். காலம் தாழ்த்தாமல், சாயம் ஏறுமுன்பே தடுப்போம். விடை கிடைக்கவில்லையாயின் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, பிள்ளையின் அருகே அமர்ந்து, அவன் என்ன கேட்டான் என்பதை இன்னொருமுறை கேட்டறிவோம். வல்ல நாயன் நம் கைகளுக்கு அந்த நிதானத்தையும் நம் பிள்ளைகளுக்குத் தன் வண்ணத்தையும் அருள்வானாக.